மழையில்தான் உக்கும் மரக்கப்பல்

பரந்தன் சந்தியில் நிற்பவருக்குக் கடல் தெரியாது. ஆனால் வடக்கும் மேற்கும் கிழக்குமாக அங்கிருந்து பிரியும் மூன்று வீதிகளும் தண்ணீரைத்தான் தேடிப் போகின்றன. ஏ9 வீதியில் வடக்கே சில கிலோமீற்றர் போனால் ஆனையிறவு. மேற்கு வீதி பூநகரிக்குப் போய், அங்கிருந்து சங்குப்பிட்டிப் பாலத்துக்கு வழிவிடுகிறது. கிழக்கு வீதி முல்லைத்தீவுக் கரைக்குப் போகிறது. மூன்று கரையையும் ஆள்வது ஒரே காற்று: நடு ஆண்டில் சோளகம், மாரியில் வாடை. ஆனையிறவுப் பாத்திகளில் உவர்நீரை வற்றவைத்து உப்பாக்கியது இந்தக் காற்றும் வெய்யிலும். அந்த உப்பிலிருந்துதான் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஒரு காலத்தில் கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்தது. எஞ்சின் வருமுன்னர் இந்தக் கரைகளின் வள்ளம், வத்தை, தோணி எல்லாவற்றையும் ஓட்டியதும் இதே காற்றுத்தான்.

இன்று கரையில் நிற்பவை பெரும்பாலும் எஞ்சின் பூட்டிய பைபர் படகுகள். பழைய மர வள்ளங்கள் மல்லாந்தபடி மழைத்தண்ணீர் ஏந்திக் கிடக்கின்றன. வயது போய்விட்டது, இனி விறகுக்குத்தான் என்று அவற்றைப் பற்றிச் சொல்லிவிடுவது இலகு. மரமும் நீரும் காற்றும் பற்றிய அறிவியல் வேறொன்றைச் சொல்கிறது. மரக்கலம் வயதால் சாவது குறைவு. சும்மா கிடந்துதான் சாகிறது.

குளஸ்டர் போன வேப்பமரம்

இதற்கு நம்மிடமுள்ள பெரிய சாட்சி, வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி. 89 அடி நீளம், 19 அடி அகலம், இரண்டு பாய்மரம், வேப்பமரத்தில் செய்த உடல். சரக்கேற்றி ஓடிக்கொண்டிருந்த இந்தக் கப்பலை வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். அவர் கடல் தெரியாத பணக்காரர் அல்லர். 1928 முதல் 1931 வரை ‘ஸ்வாப்’ என்ற 32 அடிப் பாய்ப்படகில் உலகைச் சுற்றியவர். மாசாசூசெற்ஸில் கப்பற்பட்டறை ஒன்றை நடத்தியவர். அப்படிப்பட்டவரின் கண், வடமராட்சி மேத்திரிமார் கட்டி, ஏற்கெனவே ஓடித் தேய்ந்த ஒரு சரக்குக் கப்பலில் போய் நின்றது. மனைவியின் பெயரால் ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ என்று பெயர் மாறிய அந்தக் கப்பல், தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் வல்வெட்டித்துறை மாலுமிகளும் ஓட்ட, சூயஸ் கால்வாய், ஜிப்ரால்டர், பெர்மூடா வழியாக 1938 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் குளஸ்டர் துறைமுகத்தை அடைந்தது.

இந்தப் பயணத்தை நாம் வீரக்கதையாகவே சொல்லி வந்திருக்கிறோம். வீரத்தில் குறைவில்லை. ஆனால் அத்திலாந்திக்கைத் தாண்டியது மாலுமிகளின் நெஞ்சுரம் மட்டுமல்ல. ஆணியும் பஞ்சும் பலகையுமான ஓர் உடலும்தான். அந்த உடல் எப்படித் தாங்கியது என்று கேட்டால் வேறொரு கதை விரிகிறது.

புழுவும் பூஞ்சணமும்

கடலில் கிடக்கும் மரத்துக்கு முதல் எதிரி கப்பற்புழு. பெயர்தான் புழு, இனத்தால் அது மட்டிக்கும் சிப்பிக்கும் உறவு. உடலை மூடவேண்டிய ஓடு, தலையில் இரண்டு சிறு அரங்களாகச் சுருங்கிவிட்டது. மிச்ச உடல் நீண்டு புழுவின் தோற்றம் எடுத்திருக்கிறது. குடம்பிப் பருவத்தில் நீரில் மிதந்துவந்து பலகையில் ஒட்டும். குண்டூசித் தலையளவு துளையால் உள்ளே போகும். பிறகு வெளியே வராது. தான் வளர வளர உள்ளே சுரங்கத்தை அகட்டிக்கொண்டு, அதன் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சும் பூசிக்கொண்டு, மரத்தின் நாரோட்டத்தோடு முன்னேறும். அதன் பூக்களில், அதாவது செவுள்களில், குடியிருக்கும் பக்ரீரியாக்கள் தரும் நொதியங்கள், மரத்தின் செலுலோசைச் சீனியாக உடைக்கக் கைகொடுக்கின்றன. வெளியே பார்த்தால் பலகை முழுசாக இருக்கும். உளியின் பிடியால் தட்டிப் பார்த்தால்தான் உள்ளே கோறை என்பது சத்தத்தில் தெரியும்.

இந்தப் பிராணிக்கு உப்புநீர் வேண்டும். உவர் மிகக் குறைந்த பால்டிக் கடற்பகுதிகளில் அது பெருகுவதில்லை. 1628இல் ஸ்டொக்ஹோமில் மூழ்கிய ‘வாசா’ போர்க்கப்பலை 1961இல் ஏறக்குறைய முழு உருவத்தோடு தூக்கியெடுக்க முடிந்தது அதனால்தான். உலர்ந்த மரத்திலும் அதற்கு வாழ்வில்லை. வள்ளத்தை இடைக்கிடை கரைக்கு இழுத்துக் காயவிடுவதும், அடிப்புறத்துக்கு ஓலைத் தீ காட்டுவதும், சுறா எண்ணெய் பூசுவதும் வெறும் வழக்கமல்ல. புழுவின் வாழ்க்கைச் சக்கரத்தை அறுக்கும் வைத்தியம் அது. அடியில் ஒட்டும் கொட்டலசையும் பாசியையும் சுரண்டுவதற்கு அதே வேளை வாய்க்கிறது.

இரண்டாவது எதிரி பூஞ்சணம். மரத்தை உக்கவைப்பது இதுதான். இங்கேதான் பலரும் எதிர்பாராத ஒன்று இருக்கிறது: பூஞ்சணத்துக்குக் கடல்நீர் பிடிக்காது, மழைநீர்தான் பிடிக்கும். மரம் தன் உலர்நிறையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈரம் பிடித்திருக்கவேண்டும். கூடவே காற்றும் வேண்டும். இரண்டும் இருந்தால் பூஞ்சணம் தளிர்க்கும். எப்போதும் நீருக்குள் கிடக்கும் அடிப்பலகையில் காற்றில்லை; உப்பு ஊறிய மரமோ அதற்குச் சத்துரு. ஆகவே பழைய கப்பல் உக்கத் தொடங்குவது அடியில் அல்ல, மேலே. தளப்பலகையின் பொருத்துகளில், கப்பலின் விலா எலும்புகளான வங்குகளின் மேல் நுனியில், மழைத்தண்ணீர் தங்கி மெல்ல ஊறும் மூலைகளில் தொடங்கும்.

அன்னபூரணி போய்ச் சேர்ந்த குளஸ்டருக்கு அயலில் எசெக்ஸ் என்ற கப்பல் கட்டும் ஊர் இருக்கிறது. அந்தப் பகுதிக் கப்பற் தச்சர்கள் புதுக் கப்பலின் வங்குகளுக்கு இடையே கல்லுப்பைக் கொட்டி அடைப்பார்கள். மேலிருந்து ஒழுகும் மழைநீர் அந்த உப்பைக் கரைத்துக்கொண்டு மரத்துக்குள் இறங்கும். உக்கவைக்க வந்த நீரே உப்புக் காவலாகிவிடும். ஆனையிறவு உப்பு வயல்களுக்குப் பக்கத்தில் வள்ளங்கள் மழைத்தண்ணீர் நிரம்பி உக்குவதை நினைத்தால், நமக்கு எது கைவசம் இருந்தது, எது தவறிப்போனது என்பது விளங்கும்.

வேம்பு இந்தப் போராட்டத்தில் நல்ல துணை. அது மஹோகனியின் குடும்பத்தைச் சேர்ந்த மரம், இறுக்கமானது, பூச்சிகளுக்கு ஒவ்வாத கசப்புச் சேர்மங்கள் கொண்டது. என்றாலும் எந்த மரமும் தன்னந்தனியே தப்பாது.

பலகை மூச்சுவிடும் இடம்

மரம் நீரைக் குடித்தால் நீளத்தில் ஏறக்குறைய நீளாது, அகலத்தில்தான் பருக்கும். 8 அங்குல அகலப் பலகை ஒன்று நூற்றுக்கு மூன்று பங்கு பருத்தால் அது 6 மில்லிமீற்றர். கப்பலின் ஒரு பக்கத்தில் எத்தனை பலகை அடுக்கியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இந்தப் பருமனை எங்கே வைப்பது? இரண்டு பலகை சேரும் இடுக்கில்.

கலப்பத்து அடிப்பது இதற்காகத்தான். தச்சர் முதலில் பழைய பஞ்சைக் கொக்கியால் கிளறி எடுப்பார். இடுக்கைத் துப்புரவாக்கி, முறுக்கிய பஞ்சுத் திரியைச் சிறு சிறு மடிப்பாக உள்ளே தள்ளி, தட்டையான உளியை வைத்துக் கொட்டாப்புளியால் அடிப்பார். தொடக்கத்தில் சத்தம் மந்தமாக வரும். திரி இறுகியதும் கணீரென்று மாறும். அந்த மாற்றம் வந்த இடத்தில் கை நிற்கவேண்டும். குறைய அடித்தால் ஒழுகும். கூட அடித்தால், மரம் பருக்கும்போது இடமில்லாமல் பலகை ஆணியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே தள்ளும். பிறகு குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிய களி. தண்ணீரில் இறக்கிய முதல் நாள் கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும். பலகை நீர் குடித்துப் பருத்ததும் இடுக்கு தானே பூட்டிக்கொள்ளும்.

இப்போது சிக்கல் தெரிகிறது. தண்ணீரிலேயே விட்டால் புழு தின்னும். கரையிலேயே விட்டால் இடுக்கு வாய்பிளக்கும், மழை உக்கவைக்கும். இரண்டுக்கும் நடுவே இறக்குவதும் ஏற்றுவதுமாக ஓர் ஒழுங்கு வேண்டும். அந்த ஒழுங்கைத் தொழில் தானாகவே தந்தது. கடலுக்குப் போகும் வள்ளம் பராமரிக்கப்பட்டது. தொழில் நின்றதும் பராமரிப்பும் நின்றது.

பழைய கலத்தை வாங்கித் திருத்துகிறவர்கள் ஆணியிலும் கண் வைக்கவேண்டும். இரும்பாணிக்குப் பக்கத்தில் பித்தளைத் தகடோ செப்பு ஆணியோ அடித்தால், கடல்நீர் இரண்டையும் இணைத்து ஒரு பற்றரி ஆக்கிவிடும். அந்தப் பற்றரியில் கரைந்து போவது இரும்பு. துரு பரவிய இடத்தில் மரமும் கறுத்து மெதுமையாகும். புது மினுக்கத்துக்காகப் பூட்டிய ஒரு பித்தளைத் துண்டு பழைய கப்பலின் ஆயுளைக் குறைப்பது இப்படித்தான்.

எதிர்க்காற்றில் முன்னேறுவது

காற்று பின்னாலிருந்து தள்ளினால் படகு போவது யாருக்கும் விளங்கும். முன்னாலிருந்து வீசும் காற்றில் எப்படி முன்னேறுவது? ஆனையிறவைத் தாண்டிப் பளைப் பக்கம் போகிறவர்கள் புலோப்பளைக் காற்றாலைகளைக் கண்டிருப்பார்கள். அவற்றின் அலகுகள் காற்றுத் தள்ளும் திசையில் ஓடுவதில்லை. காற்றுக்குக் குறுக்கே சுற்றுகின்றன. அலகின் வளைந்த உருவம் காற்றோட்டத்தைத் திருப்புகிறது. திருப்பப்பட்ட காற்று அலகை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. காற்றுக்குச் சாய்வாகப் பிடித்த பாயிலும் நடப்பது அதேதான்.

ஆனால் பாய்க்குக் கிடைக்கும் அந்த விசையில் பெரும் பங்கு படகைப் பக்கவாட்டில்தான் தள்ளும். சிறு பங்கே முன்னோக்கியது. பக்கவாட்டை மறிப்பது நீருக்குள் இருக்கும் ஏரா என்ற அடிமரமும் சுக்கானும். கடல்நீர் காற்றைவிட எண்ணூறு மடங்குக்கு மேல் அடர்த்தியானது. எனவே பெரிய பாயைச் சிறிய ஏரா சமாளிக்கும். பாயை அழுத்தும் காற்றுக்கும் ஏராவை அழுத்தும் நீருக்கும் நடுவே அகப்பட்ட படகு, இரு விரலுக்கிடையில் நசுக்கிய ஈரப் புளியங்கொட்டைபோல முன்னால் பாய்கிறது.

எவ்வளவு நேராக எதிர்க்காற்றுக்குள் போகலாம் என்பது பாயின் வெட்டைப் பொறுத்தது. பருமல் என்ற குறுக்குத் தடியில் தொங்கும் சதுரப் பாய், காற்றுத் திசைக்கு 60, 70 பாகைக்குக் கிட்டப் போக மறுக்கும். முக்கோணப் பாயும் சாய்பாயும் 45, 50 பாகை வரை நெருங்கும். சதுரப் பாய் கட்டிய வர்த்தகக் கப்பல்கள் சோளகத்துக்கும் வாடைக்கும் காத்திருந்து பயணம் போனதற்கு ஒரு காரணம் இது. கரையோர வத்தைகள் சாய்பாய் கட்டிக்கொண்டு எந்நாளும் தொழிலுக்குப் போய்த் திரும்பின.

ஆழமில்லாத தண்ணீரின் தந்திரம்

யாழ்ப்பாணக் கடனீரேரிக்கு ஆழம் போதாது. 1990களின் முதற்பாதியில் ஏ9 அடைபட்டிருந்தபோது, வன்னிக்கும் குடாநாட்டுக்கும் இடையே மக்கள் கிளாலியில்தான் கடந்தார்கள்: முன்னால் ஓர் எஞ்சின் படகு, பின்னால் கயிற்றில் தொடுத்த படகுகள். இறங்கித் தள்ளவேண்டிய அளவுக்குத் தண்ணீர் குறைந்த இடங்கள் அங்கே உண்டு. அப்படிப்பட்ட நீரில் ஆழ ஏரா தரைதட்டும். ஏரா குறைந்தால் படகைச் சரியாமல் பிடிப்பது எது?

பாக்குநீரிணையின் இரு கரையும் கண்ட விடை, ஆளின் உடற்பாரம். இலங்கை முத்துக்குளிப்பு ஆய்விலும் பிறகு சென்னை மாகாண மீன்வளத் துறையிலும் வேலை செய்த ஜேம்ஸ் ஹோர்னெல், இந்தியப் படகு வகைகளைப் பற்றி 1920இல் வெளியிட்ட ஆய்வில் இந்தப் பகுதி வத்தைகளை விவரித்திருக்கிறார். படகின் குறுக்கே நீண்ட பலகை ஒன்றைக் கட்டி, காற்று வரும் பக்கம் அதை வெளியே நீட்டிவிடுவார்கள். காற்று கூடக்கூட ஆட்கள் பலகையில் வெளியே நகர்ந்து போவார்கள்.

கணக்கு எளிது. 60 கிலோ ஆள் படகின் நடுக்கோட்டிலிருந்து அரை மீற்றர் தள்ளி இருந்தால் அவர் தரும் எதிர்த்திருப்பம் 30 அலகு. பலகையில் 2 மீற்றர் வெளியே போனால் 120. அதே ஆள், நான்கு மடங்கு பயன். காற்றின் அழுத்தமோ வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 10 நொட் காற்று 14 நொட் ஆனால் பாயின் மீதான விசை இரண்டு மடங்கு. அதனால்தான் பலகையில் இருப்பவர் பாயைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. தூரத்தில் நீரின் தோல் கறுத்துச் சுருங்கி வருவதைப் பார்க்கிறார். வீச்சு வந்து சேருமுன் நகர்ந்துவிடுகிறார். சிங்களக் கரையின் ஒருவ என்ற ஓடத்துக்குப் பக்கமிதவை செய்யும் வேலையை இங்கே மனிதர் செய்கிறார்கள்.

இராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியைச் சுற்றியுள்ள மீனவ ஊர்களில் பாய்மரப் படகுப் போட்டி இன்றும் நடக்கிறது. ஓட்டத்தின்போது பாயில் தண்ணீர் இறைப்பதும் உண்டு. அதற்கும் பௌதிகம் இருக்கிறது: நனைந்த பருத்தி நூல் பருத்து நெசவின் கண்களை அடைக்கும், காற்று ஊடுருவி வீணாவது குறையும். பருத்தி நூல் நனைந்தால் வலுவும் கூடும். உரப்பையில் தைத்த பாய்க்கு இந்த உபாயம் எடுபடாது. அந்தப் பிளாஸ்ரிக் இழைகளின் மூலக்கூற்றுச் சங்கிலியை வெய்யிலின் புறஊதாக் கதிர் அறுத்துவிடும். கொஞ்சக் காலத்தில் கையால் கசக்கினால் தூளாகும்.

பழசு ஏன் தோற்கவேண்டியதில்லை

நீரைக் கிழித்துப் போகும் கலம் தன்னுடைய அலையைத் தானே உண்டாக்குகிறது. வேகம் கூடக்கூட அந்த அலை நீளும். அலையின் நீளம் கலத்தின் நீளத்துக்குச் சமமாகும்போது, கலம் தான் கிண்டிய குழியிலேயே அகப்பட்டு மேட்டில் ஏறவேண்டிய நிலைக்கு வரும். அதற்குமேல் வேகம் கூட்டப் பெருஞ்சக்தி வேண்டும். 1870களில் வில்லியம் புரூட் இங்கிலாந்தில் மாதிரிக் கலங்களைத் தொட்டியில் இழுத்து இந்த உறவை ஆராய்ந்தார். அதன் சுருக்க விதி: நீர்க்கோட்டின் நீளத்தை அடியில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.34ஆல் பெருக்கினால் நொட்டில் வேக எல்லை கிடைக்கும். 16 அடி வள்ளத்துக்கு 5.4, 25 அடிக்கு 6.7, 64 அடிக்கு 10.7. இந்தக் கணக்கில் நீளம் வருகிறது, வயது வரவில்லை.

அன்னபூரணி குளஸ்டரைச் சேர்ந்து இரண்டு மாதத்தில், 1938 அக்டோபரில், அதே கடற்பரப்பில் இதற்கொரு நிரூபணம் நடந்தது. அமெரிக்க, கனேடிய மீன்பிடிப் பாய்க்கப்பல்களுக்கிடையிலான கடைசிப் பெரும் போட்டி அது. கனடாவின் ‘புளூநோஸ்’ 1921இல் நீரிறங்கியது. பதினேழு வருடம் மீன்பிடித்து உழைத்த உடல். எதிரில் 1930இல் எசெக்ஸில் கட்டிய ‘கேர்ட்ரூட் எல். தெபோ’. ஐந்து ஓட்டத்தில் மூன்றை வென்றது பழைய புளூநோஸ்.

சிறிய கலங்களின் உலகமும் பழசும் புதுசும் சேர்ந்து போட்டியிட ஒரு நியாயமான வழி கண்டிருக்கிறது. 1949இல் ஜாக் ஹோல்ட் ஒட்டுப்பலகையில் வடிவமைத்த 14 அடி ஜிபி14 படகுகள் கொழும்புக்குத் தெற்கே பொல்கொட ஏரியில் ஓடுகின்றன. ஒரே அளவு, ஒரே பாய் என்ற வகுப்புச் சட்டத்தால் பழைய படகும் புதுப் படகும் ஒரே கோட்டில் புறப்படலாம். வேறுவேறு வகைப் படகுகள் சேர்ந்து ஓடினால் ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண் கொடுத்து நேரத்தைச் சரிசெய்கிறார்கள். எண் 1,200 கொண்ட மெதுவான படகு 72 நிமிடத்தில் முடித்தால், 72ஐ 1,200ஆல் வகுத்து 1,000ஆல் பெருக்க, 60 நிமிடம். எண் 1,000 கொண்ட வேகப் படகு 61 நிமிடத்தில் வந்திருந்தால் வெற்றி மெதுவான படகுக்கு. பூநகரிக் கரையில் மர வள்ளமும் பைபர் படகும் பாய் கட்டி ஒன்றாக ஓட இந்த ஒரு கணக்குப் போதும்.

போட்டியின் பெரிய பயன் பரிசு அல்ல. ஓடவேண்டிய நாள் ஒன்று குறிக்கப்பட்டால், அதற்கு முன் கொட்டலசு சுரண்டவேண்டும், கலப்பத்து அடிக்கவேண்டும், பாய் தைக்கவேண்டும். தொழில் முன்பு தந்த ஒழுங்கைப் போட்டி தரும். அடிப்புறம் பாசி பிடித்த வள்ளம் தோற்கும் என்பதால், சோம்பல் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்துவிடும்.

இன்னொரு வேலையும் காத்திருக்கிறது. வடபகுதியின் மரக்கலங்கள் கடதாசியில் வரைந்து கட்டப்பட்டவை அல்ல. மேத்திரியாரின் கண்ணளவில் பிறந்தவை. கடைசி வள்ளம் உக்கினால் அதன் வளைவும் போய்விடும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில், பரந்தனுக்குக் கிட்டத்தான் இருக்கிறது. மிஞ்சியிருக்கும் கலங்களை அளந்து வரைபடமாக்குவது மாணவர்களின் ஒரு விடுமுறைக்காலத்துக்குள் முடியக்கூடிய வேலை.

அதுவரை, வீட்டில் பழைய வள்ளம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாரிக்கு முன் அதைக் கவிழ்த்து, நிலம் முட்டாமல் கட்டையில் ஏற்றி, காற்றோட்டம் விட்டு, மேலே கிடுகு போடுங்கள். சோளகம் தொடங்கியதும் தண்ணீரில் இறக்கி ஓட்டுங்கள். முதல் நாள் ஒழுகும். அதற்காக விறகு வியாபாரியைக் கூப்பிட்டுவிடாதீர்கள்.